கோட்டாற்றில் பூட்டிய சைடுகார்

ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. மதுரையிலும் ஆடிக்காற்று உண்டு. புழுதியைக் கிளப்பிவிட்டு அடங்கிவிடும். இரண்டு மலைகளுக்கு நடுவே புகுந்து வருகிற இந்தக் காற்று அடங்குவதாக இல்லை. ஹாண்டில்பாரை இறுகப் பிடித்து, வலப்பக்கம் சாய்ந்தபடியே நேராகப் போனேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வைக்கோல் பாரத்தின் மேல் இரண்டு கருங்கற்களைக் கட்டி வைத்திருந்தார்.

அங்கே பிரிட்டிஷ் சீமை முடிந்து திருவிதாங்கூர் தொடங்குகிறது. காசு வேறு, தபால் தலை வேறு, ராஜா வேறு. சவுக்கை என்று அவர்கள் சொல்லும் சுங்கச் சாவடியில் என்னை நிறுத்தினார்கள். அதிகாரி மலையாளத்தில் கேட்டார்; பக்கத்தில் நின்ற சிப்பாய் தமிழில் சொன்னார்.

"அந்தத் தகரத்தில் என்ன?"

"எஞ்சின் ஆயில்."

"விற்பதற்கா?"

"வண்டி குடிப்பதற்கு."

அதிகாரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பையில் இருந்த வால்வு, ஸ்பிரிங், பல்சக்கரம், செயின் இணைப்புகள் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார். ஊரைவிட்டு வந்த காரணம் என்ன என்று கேட்டார். கோட்டாற்றில் ஒருவரிடம் செய்யச் சொன்ன சாமானை வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

சிப்பாய் அதை மலையாளத்தில் சொன்னதும் அதிகாரி சிரித்தார். "வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு தூரமா? ஒரு கார்டு போட்டால் போதாதா?"

மேஜைமேல் கிடந்ததைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் ஒரு நூற்பாலையில் நான் எஞ்சின் பிட்டர். அந்த மோட்டார்சைக்கிள் ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. ஒற்றை சிலிண்டர், டாங்கின் பக்கத்தில் கையால் போடும் மூன்று கியர். பழைய கார்பைடு விளக்கை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் விளக்கு பூட்டினேன். பின்னால் சாமான் வைக்கும் சட்டத்தில் மெத்தை தைத்து என் மனைவியை உட்கார வைத்தேன். அழகர்கோயில், திண்டுக்கல், ராமேசுவரம் என்று போனோம். தெருவில் பேசினார்கள், அவள் காதில் வாங்கவில்லை. ஆனால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். கன்னியாகுமரிக்குப் போக வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் அவள் வசதியாகச் சாய்ந்து உட்கார, வண்டியின் இடப்பக்கம் ஒட்டி ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் ஒரு சைடுகார் பூட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கோட்டாற்றில் வில்வண்டியும் பஸ்ஸுக்கு மரக்கூடும் செய்கிற மாசிலாமணி என்பவரைப் பற்றி ஆலையில் ஒருவர் சொன்னார். அளவெல்லாம் வரைந்து அனுப்பினேன். அது புரட்டாசி.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன். சிலிண்டர் தலையில் சேர்ந்த கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்கிற வேலை. அவளுக்குக் காலையிலிருந்தே வயிற்றுவலி. "நீங்க வேலையை முடிங்க, கஷாயம் குடிச்சிருக்கேன்" என்றாள். மத்தியானம் அவளால் நிற்க முடியவில்லை. வண்டி தரையில் துண்டு துண்டாகக் கிடந்தது. குதிரைவண்டி தேடி ஓடினேன். அன்று கல்யாண முகூர்த்தம், ஒரு வண்டியும் அகப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குடல்வால் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

"முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா?" என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த வண்டியில் ஒரு நட்டுகூட இரவில் கழன்று கிடக்க விட்டதில்லை. சனிக்கிழமைதோறும் துடைத்தேன், செயினுக்குக் கொழுப்பு போட்டேன், ஒரு உதை உதைத்து ஓட்டிப் பார்த்து நிறுத்தினேன். எங்கும் போகவில்லை. சைடுகார் தயார் என்று மாசிலாமணி எழுதிய மூன்று கடிதங்களுக்கும் என்னால் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் நேரில் கிளம்பினேன்.

தோவாளை தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. ஒரு மைல் போவதற்குள் எஞ்சின் இருமி நின்றது. தீப்பொறி தரும் மாக்னெட்டோவில் ஈரம். மூடியைக் கழற்றித் திருகாணிகளைத் தரையில் வைக்கப் போனேன். பக்கத்தில் ஓலைக் குடையின் கீழ் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண் சத்தம் போட்டாள்.

"மண்ணுல வைக்காதீங்க, காணாமப் போயிரும்! இந்தா, இதுல வையுங்க." ஒரு வாழையிலைத் துண்டை நீட்டினாள். நான் துடைத்து முடிக்கும்வரை தன் குடையை எஞ்சின்மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நனைந்தாள், எஞ்சின் நனையவில்லை. ஒரு பந்து பூ வாங்கிக்கொள்ளட்டுமா என்றேன். "வீட்டுல கொடுக்கவா?" என்று கேட்டாள். பூவை வாங்கிப் பையில் வைத்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினேன். பூ பையிலேயே வாடிற்று.

நாஞ்சில் நாடு எனக்குக் கண் கூசும் பச்சையாக இருந்தது. எங்கள் பக்கம் இந்த மாதத்தில் கண்மாயில் வெடிப்புத் தெரியும். இங்கே சாலையின் இருபுறமும் தண்ணீர், அதற்குள் நெல், அதற்கு அப்பால் தென்னை, அதற்கும் மேலே மேகம் மூடிய மலை. கோட்டாற்றுத் தெருக்கள் வண்டி நுழைய இடமில்லாமல் நெரிந்தன. கருவாட்டு மணமும் கொப்பரை மணமும் விலகிய இடத்தில் தேக்குத் தூள் மணம் வந்தது. அது மாசிலாமணியின் பட்டறை.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. என் வண்டியைப் பார்த்ததும், கேட்காமலே ஆளைத் தெரிந்துகொண்டார். கைபிடித்து உள்ளே அழைத்துப்போய், சாக்குத் துணியை இழுத்தார்.

தேக்கு விலாவின்மேல் தகடு அடித்து, கறுப்புச் சாயம் பூசிய சைடுகார். வில்வண்டிக்குப் போடுகிற பட்டை வில் இரண்டு. கால் தூக்காமல் ஏறத் தாழ்வான கதவு. சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க ஒரு தனித் தகடு; நான் வரைந்து அனுப்பியதில் அது இல்லை, அவராகவே யோசித்து வைத்தது. என் வண்டியின் பக்கத்தில் குனிந்து அளவு பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார்.

பொருந்தாது என்கிறாரோ என்று நினைத்தேன். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. பட்டறையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான், நன்றாக இருக்கிறது என்பதை இங்கே அப்படிச் சொல்கிறார்கள் என்று புரிந்தது.

"அம்மாவையும் கூட்டிட்டு வருவியண்ணுல்லா நெனச்சேன், தம்பி" என்றார்.

"அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது, அண்ணாச்சி. இது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். யாருக்காவது கொடுத்துவிடுங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பட்டறையில் உளிச் சத்தம் நின்றது. "உங்க வண்டி அளவுக்குச் செஞ்சது, வேற யாருக்குக் கொடுக்க?" என்றார். "ஒரு தடவ பூட்டிப் பாப்போம். பொறவு கழத்திப் போட்டுட்டுப் போங்க. செஞ்சது ஓடுமாண்ணு எனக்குத் தெரியண்டாமா?"

நானும் இரும்பில் வேலை செய்கிறவன். அவர் கேட்டதை மறுக்க முடியவில்லை.

ஆனால் சைடுகார் பூட்டுவது என்றால் நான்கு போல்ட்டு முறுக்குவதோடு தீராது. பாரம் கூடுகிறது, எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு இரண்டு பல் குறைந்த சக்கரம் போட வேண்டும். வேகம் குறையும், இழுவை கூடும். முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் ஸ்பிரிங்கை மாற்றிக் கெட்டியானது போட வேண்டும். இரண்டும் முன்னமே வாங்கி வைத்திருந்தவை. ஏனோ பையில் எடுத்து வந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் முடியவில்லை. அன்று வண்டி பிரித்தபடியே கிடந்தது. மாசிலாமணி வீட்டில் சம்பா அரிசிச் சோறும், தேங்காய் வறுத்து அரைத்த தீயல் குழம்பும் போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கண்மூடிச் செய்த ஜெபத்தில், பெயர் தெரியாத என் மனைவிக்காகவும் இரண்டு வார்த்தை சொன்னார். மாடியில் பாய் விரித்திருந்தார்கள். நான் பட்டறையில், வண்டிக்குப் பக்கத்தில் படுத்தேன்.

மறுநாள் காலை நான் பல்சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வாசலில் வந்து விழாத குறையாக நின்றார். தலைப்பாகை நனைந்து ஒட்டியிருந்தது. நெற்றியில் நெடுக இட்ட வெள்ளை நாமம் வேர்வையில் கரைந்திருந்தது. செல்லமுத்து என்று பெயர் சொன்னார். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்.

"எஸ்தர் அம்மை அனுப்பிச்சாவ, அண்ணாச்சி. உங்க வில்வண்டி வேணுமாம். எனக்க வீட்டுக்காரிக்கு ரெண்டு நாளா நோவு. புள்ள குறுக்க கெடக்காம். தொட்டில் கட்டித் தடிக்காரன்கோணம் வரைக்கும் கொண்டாந்துட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்."

எஸ்தர் என்பது மாசிலாமணியின் அக்கா, மலையடிவாரத்துத் தடிக்காரன்கோணத்தில் மருத்துவச்சி.

"பஸ் என்னாச்சு?"

"ஓடைப் பாலம் உடைஞ்சு கெடக்கு. மூணு நாளா பஸ் கெடையாது."

மாசிலாமணி வெளியே மாட்டைப் பார்த்தார். "வில்வண்டி போயிட்டு வரணும்ணா சாயங்காலம் ஆயிரும். குலுக்கல் வேற." பிறகு சைடுகாரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கேட்டுவிடக் கூடாது என்று அவர் அடக்கிக்கொண்டது தெரிந்தது.

தரையில் ஸ்பிரிங், செயின், திருகாணிகள், பாதி கழன்ற போர்க்கு. மறுபடியும் அதே தரை, அதே துண்டுகள்.

"ஒன்றரை மணி நேரம்" என்றேன்.

வேலை நடந்தது. பல்சக்கரம் உட்கார்ந்தது, செயினில் ஒரு கண்ணியைக் கழித்தேன். மாசிலாமணி சைடுகாரை நகர்த்தி நான்கு இடத்தில் பிணைத்தார். இரண்டு நேர்ப்பலகைகளை வைத்து, முன்பக்கம் அரை விரல் உள்ளே வரும்படி சக்கரத்தைத் திருப்பினோம். அப்படிச் செய்யாவிட்டால் வண்டி ஓயாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். "நான் என்ன பிடிக்கணும்?" என்று செல்லமுத்து கேட்டார். வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னேன். நாங்கள் முடிக்கும்வரை அவர் கையை மாற்றவில்லை. எடுத்தபோது உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

நான் அதுவரை சைடுகார் ஓட்டியதில்லை. அதைச் சொன்னேன். "நான் பாரத்துக்கு உள்ள இருக்கேன்" என்று மாசிலாமணி ஏறிக்கொண்டார். "வெறுமன போனா எடத்து வளைவுல சக்கரம் தரைய விட்டுப் பொங்கும்." செல்லமுத்து பின்னால் உட்கார்ந்தார்.

இரண்டு சக்கர வண்டியில் திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும். மூன்று சக்கரத்தில் சாய்ந்தால் ஒன்றும் நடக்காது. மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல ஹாண்டில்பாரைப் பிடித்துத் திருப்ப வேண்டும். பெட்ரோல் கூட்டினால் இடப்பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் போகிறது. இது எனக்குத் தெரிவதற்குள் பூதப்பாண்டிக்கு இப்புறம் ஒரு வயலுக்குள் இறங்கிவிட்டோம். முழங்கால் அளவு சேறு. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். நான் பேச வாயெடுப்பதற்குள் செல்லமுத்து "ஒரு புள்ளத்தாச்சிக்கு" என்று மட்டும் சொன்னார். அத்தனை பேரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தூக்கிச் சாலையில் வைத்தார்கள். "பையப் போங்க, பையப் போங்க" என்று பின்னால் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஓடையில் பாலத்தின் நடுத்துண்டு இல்லை. தண்ணீர் இடுப்பளவு, செம்மண் நிறம். அக்கரையில் ஆட்கள் நின்றார்கள். இரண்டு மூங்கில்களைச் சட்டத்துக்கு அடியில் செருகி, எட்டுப் பேர் தோளில் வண்டியை ஏற்றினார்கள். மாக்னெட்டோவை என் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன். கல்லில் வழுக்கி ஒருவர் மூழ்கி எழுந்தார், மூங்கிலை மட்டும் விடவில்லை.

எஸ்தர் அம்மாள் வெள்ளைச் சேலையில் வாசலில் நின்றார். என்னை ஒருமுறை, வண்டியை ஒருமுறை பார்த்தார். "இதுல சாச்சு இருத்த ஒக்குமா?" என்று தம்பியிடம் கேட்டார். தாழ்வான கதவைத் திறந்து காட்டியதும் வேறொன்றும் கேட்கவில்லை.

செல்லமுத்துவின் மனைவி பொன்னம்மைக்கு இருபது வயதுக்கு மேல் இராது. உதடு கடித்துக் கடித்துப் புண்ணாகியிருந்தது. வண்டியை மறுபடியும் தோளில் ஏற்றி ஓடையைக் கடத்தினார்கள்; அவளைப் போர்வையில் அதே வழியாகத் தூக்கிவந்து, இருக்கையில் இடப்பக்கம் சாய்த்து, சுற்றிலும் துணி வைத்து அடைத்தார்கள். எஸ்தர் அம்மாள் எனக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்து, ஒரு கையால் என் தோளையும் மறுகையால் அவள் கையையும் பிடித்துக்கொண்டார். மாசிலாமணி அக்கா வீட்டில் தங்கிக்கொண்டார்; செல்லமுத்துக்கும் இடமில்லை. "நான் நடந்து வாறேன்" என்றார்.

அந்தப் பத்து மைல்போல நான் எப்போதும் ஓட்டியதில்லை. பிரேக்கைத் தொடாமல், பள்ளம் வரும் முன்பே கியரைக் குறைத்து, ஒரு மைலுக்கு ஒருமுறை ஆயில் பம்பை அழுத்தி. ஓடைக்கரை ஏற்றத்தில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. தீப்பொறியின் நேரத்தை மாற்றும் நெம்புகோலைப் பின்னுக்கு இழுத்தேன். திணறி, பிடித்து ஏறிவிட்டது. பழைய பல்சக்கரம் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும்.

நோவு விட்ட நேரத்தில் அவள் பேசினாள். "புதுச் சாயம் மணக்குது. இது ஆருக்குச் செஞ்சது?"

"என் வீட்டுக்காரிக்கு."

"அவிய எங்க?"

சாலையைப் பார்த்துக்கொண்டே, "மதுரையில் இருக்கிறாள்" என்றேன்.

"அவியளுக்கு முன்ன நான் ஏறிட்டேனே" என்றாள். அதற்குள் நோவு திரும்பிற்று.

ஆஸ்பத்திரியில் இறக்கிக் கொண்டுபோனதும் நான் முற்றத்தில் வண்டியோடு நின்றேன். எஞ்சின் சூடு ஆறுகிற சத்தம் டிக் டிக் என்று கேட்டது. யாரோ கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து தந்தார்கள். அது முழுக்க ஆறிய பிறகுதான் கையில் இருப்பது தெரிந்தது. பின்மத்தியானம் எஸ்தர் அம்மாள் வெளியே வந்தார்.

"தாய் இருக்கா. ஒரு மணிக்கூறு தாமசிச்சிருந்தா அவளும் இல்ல. புள்ள வயித்துக்குள்ளயே போயிட்டு." சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செல்லமுத்து ஓடியே வந்திருக்கிறார். வாசலில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது நான்தான்.

"இருக்காளா?"

"இருக்கிறாள்."

"புள்ள?"

இப்படி ஒரு கேள்விக்கு எனக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் யாரோ பதில் சொன்னார்கள். அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்கள் சுற்றி வளைத்தது நினைவு வந்தது. "இல்லை" என்றேன்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார்.

நான் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய்க் கேட்டு வந்தேன். "பெண்" என்றேன். அவர் தலையசைத்தார்.

ஆலைக்குத் தந்தியடித்து விடுப்பை நீட்டிக்கொண்டேன். பதினோராம் நாள் பொன்னம்மையை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். "பஸ்ஸுல குலுங்கப்பிடாது. நீங்க இருப்பியளா, தம்பி?" என்று எஸ்தர் அம்மாள் கேட்டார். இருப்பேன் என்றேன்.

அந்த நாட்களில் வேலை இருந்தது. முதல் ஓட்டத்துக்குப் பிறகு புது இணைப்புகள் எல்லாம் தளரும், இறுக்கினோம். பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. பலகை வைத்துச் சக்கரத்தை மறுபடி நேர்ப்படுத்தினோம். வயல் சேறு செயினில் காய்ந்து கல்லாகியிருந்தது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். காலையில் பயறு போட்ட கஞ்சி, மத்தியானம் மரச்சீனி என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும், நடுவில் விரல் நீளத்தில் மணக்கிற மட்டி வாழைப்பழம். தேங்காயெண்ணெய்ச் சமையல் முதல் நாள் குமட்டியது. நான்காம் நாள் தெரியவில்லை.

"கன்னியாகுமரி பக்கம்தான, போயிட்டு வாங்க" என்று மாசிலாமணி இரண்டு முறை சொன்னார். அவள் இல்லாமல் பார்த்துவிட்டு வந்து யாரிடம் சொல்ல? போகவில்லை.

பதினோராம் நாள் வெயில் அடித்தது. செல்லமுத்து பின்னால் ஏறிக்கொண்டார். பொன்னம்மை சைடுகாரில். உடம்பு பாதியாகியிருந்தாள். பூதப்பாண்டி வயலருகே அதே பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். அவள் மடி காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கையை நெஞ்சில் வைத்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் பொன்னம்மை சொன்னாள்: "மதுரைக்குப் போயி அக்காகிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. அவிய இருக்க வேண்டிய எடத்துல நான் இருந்துட்டேன். வருத்தப்படாண்டாம்ணு சொல்லுங்க."

ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன்.

"அவள் இல்லை, அம்மா. நான் அன்று சொன்னது பொய். ஐப்பசியிலேயே போய்விட்டாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமாகிவிட்டது. இந்த வண்டியை நான் பிரித்துப் போட்டிருந்தேன்."

இதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாசிலாமணியிடம்கூட. செல்லமுத்து இறங்கிப் போய்ச் சாலையோரம் நின்றார்.

பொன்னம்மை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணைக்கு நீங்க சொல்லாதது நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா நான் பேடிச்சே செத்திருப்பேன்" என்றாள். பிறகு, "எனக்கும் அதுதான் மனசுல. முதல் நாளே எறங்கி வந்திருந்தா புள்ள இருந்திருக்குமாண்ணு. எஸ்தர் அம்மைகிட்ட கேட்டேன். சொல்ல முடியாதுண்ணு சொல்லிட்டாவ."

நாங்கள் இருவரும் ஒரே விடையை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். உடனே கிளம்பத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் அந்த நிழலில் இருந்தோம். பிறகு அவளே, "செரி, போவோம்" என்றாள்.

ஓடையில் மரக்கட்டைகள் போட்டிருந்தார்கள். மெதுவாகக் கடந்தோம். தோட்டத்து வரிசை வீடுகளின் முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். பொன்னம்மை தாழ்வான கதவைத் தானே திறந்து இறங்கினாள். இருக்கையைக் கையால் ஒருமுறை தட்டிச் சரிசெய்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டதும் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பதினோரு நாளாக அவள் அழாமல் வைத்திருந்தது அது.

நான் வண்டியைத் திருப்பினேன். செல்லமுத்து ஒரு சாக்கை முதுகில் சுமந்து வந்தார். அப்போது பிடுங்கிய மரச்சீனிக் கிழங்கு, மண் ஈரம் காயவில்லை. அதைச் சைடுகாரில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டத் தொடங்கினார்.

"இவ்வளவும் எதற்கு?" என்றேன்.

"வெறும வண்டி வளைவுல பொங்கும்லா அண்ணாச்சி" என்றார், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு பாரம் கெடக்கட்டும்."

அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. இறக்கத்தில் இடப்பக்க வளைவுகள் நிறைய. ஒன்றில்கூடச் சக்கரம் தரையைவிட்டு எழவில்லை.

கோட்டாற்றில் அன்று அந்தக் கிழங்கைப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் வேகவைத்துச் சாப்பிட்டோம். அப்படியும் பாதிச் சாக்கு மீந்தது. மறுநாள் காலை நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி ஸ்பானரோடு வந்து நின்றார்.

"கழத்தவா, தம்பி?"

அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கினேன். நான்கு போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கினேன். பாதிச் சாக்கை இருக்கையில் வைத்துக் கட்டிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டேன்.